தோட்டத்து மாலை வகுப்புக்கு மூன்று பெட்டிகள்: சுங்கை சிப்புட் பழுதுபார்ப்புக் கடை ஒன்றின் லினக்ஸ் சேவை

மலேசியாவில், சுங்கை சிப்புட் மார்க்கெட்டுக்குப் பின்புறக் கடைவரிசையில், கைப்பேசித் திரை மாற்றுவதும் டிவி பாக்ஸ் பழுதுபார்ப்பதும் தொழிலாகக் கொண்ட ஒருவர், கேட்டவர்களுக்கு அந்தப் பெட்டிகளில் ஆண்ட்ராய்டுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றியும் கொடுக்கிறார். நான்கு மாதங்களுக்கு முன் அவரிடம் மூன்று பெட்டிகளை எடுத்துச் சென்றேன். அவற்றில் இரண்டு இன்று எங்கள் தோட்டத்து மாலை வகுப்பில் ஓடுகின்றன. மூன்றாவதைச் செலவழிக்கத் தகுதியில்லாதது என்று சொல்லி, கட்டணம் வாங்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். பெரும்பாலான நேரம் பக்கத்தில் உட்கார்ந்து அவர் வேலையைப் பார்த்தவள் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். ஒற்றை ஆளாகக் கடையை நடத்துவதால் பெயரைப் போட வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார்; ஊரில் விசாரித்தால் இடம் தெரிந்துவிடும். அவருடைய அக்காள் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் படித்தவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படிப்பவர்கள் அதையும் சேர்த்தே என் சொல்லை எடைபோட்டுக்கொள்ளலாம்.

வகுப்பில் 14 பிள்ளைகள் இருக்கிறார்கள். எல்லார் வீட்டிலும் கைப்பேசி உண்டு, கணினி எந்த வீட்டிலும் இல்லை. 2020, 2021ஆம் ஆண்டுகளில் பள்ளிகள் மூடப்பட்டு இல்லிருப்புக் கற்றல் நடந்தபோது, பாடத்தைப் பெரிய திரையிலாவது பார்க்கட்டும் என்று பெற்றோர் சிலர் ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கினார்கள். நாளடைவில் மெதுவாகிப்போன அந்தப் பெட்டிகள் அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பிள்ளைகள் கட்டுரை தட்டச்சுச் செய்யவும் கணக்கு அட்டவணை போடவும் பயன்படும் கணினியாக மாற்ற முடியுமா என்பதுதான் என் கேள்வி. ஆண்ட்ராய்டை அப்படியே விட்டுவைக்க எனக்கு மனம் வராததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. டி95 என்ற பெயரில் இணையக் கடைகளில் விற்ற மலிவுப் பெட்டி ஒன்றின் உள்ளேயே நச்சுநிரல் வைத்து அனுப்பப்பட்டிருந்தது 2023 ஜனவரியில் வெளிவந்தது; 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில் இத்தகைய பெட்டிகளைக் குறித்துப் பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. யாரோ நிரல் எழுதி அடைத்த பெட்டியில் பிள்ளைகள் தங்கள் கடவுச்சொல்லைத் தட்டுவதை நான் விரும்பவில்லை.

முதல் நாள் பெட்டிகளைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போனேன். அவர் பையைத் திறப்பதற்கு முன்பே, "டீச்சர், இதுக்கெல்லாம் எந்த சார்ஜர் போடுறீங்க?" என்று கேட்டார். சார்ஜர்களை நான் எடுத்துச் செல்லவில்லை. அவை இல்லாமல் பார்த்துப் பயனில்லை என்று சொல்லி என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார். அரை நாள் வீணாயிற்றே என்று அன்று எனக்கு வருத்தமாக இருந்தது. மறு வாரம் முதல் பெட்டியை மேசையில் வைத்தவுடனேயே அந்தக் கேள்வியின் நியாயம் புரிந்துவிட்டது.

முதல் பெட்டி, முன்னாள் மாணவர் ஒருவர் வகுப்புக்கு அன்பளிப்பாகக் கொடுத்த ராஸ்பெர்ரி பை 4 என்ற ஒற்றைப் பலகைக் கணினி. ஓடிக்கொண்டிருக்கும்போதே அது அணைந்து மறுபடி தொடங்கும். திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று தோன்றி மறையும். லினக்ஸில்தான் கோளாறு என்று எண்ணி நான் இரண்டு முறை லினக்ஸ் இருக்கும் மெமரி கார்டை அழித்துப் புதிதாக எழுதியிருந்தேன். அவர் கார்டைத் தொடவே இல்லை. மல்டிமீட்டரின் முனைகளைப் பலகையின் ஊசி வரிசையில் 5 வோல்ட் ஊசியிலும் எர்த் ஊசியிலும் வைத்துக்கொண்டு ஒரு காணொளியை ஓடவிட்டார், மீட்டர் 4.5 என்று காட்டியது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும்போதுதான் அந்த மின்னல் குறி வருகிறது என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். பிறகு 'விசிஜென்சிஎம்டி கெட்_த்ராட்டில்ட்' என்ற கட்டளையைத் தட்டினார். 0எக்ஸ்50005 என்று விடை வந்தது. கடைசி 5, மின்சாரம் போதாமல் இந்த நிமிடத்தில் வேகம் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. முன்னால் உள்ள 5, பெட்டியைத் தொடங்கியதிலிருந்து எப்போதோ இது நேர்ந்திருக்கிறது என்பதைப் பதிந்து வைத்திருக்கிறது. நான் போட்டிருந்தது பழைய கைப்பேசி சார்ஜரும் மெல்லிய கேபிளும். கால் ஓம் தடையுள்ள கேபிளில் 2 ஆம்பியர் ஓடினாலே அரை வோல்ட் வழியிலேயே காணாமல் போய்விடும். ஈப்போவிலிருந்து 5.1 வோல்ட், 3 ஆம்பியர் அளிக்கும் அதற்கென்றே உள்ள சார்ஜரை வரவழைத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு அந்தப் பலகை ஒரு முறைகூடத் தானாக அணையவில்லை. பார்த்துச் சொன்னதற்கு 10 வெள்ளி (ரிங்கிட்) மட்டும் வாங்கிக்கொண்டார்.

இரண்டாவது பெட்டிதான் அவருடைய திறமையையும் பொறுமையையும் முழுமையாகக் காட்டியது. பெற்றோர் ஒருவர் கொடுத்த அந்த டிவி பாக்ஸின் அடியில் எஸ்905எக்ஸ்3 சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு என்று ஒட்டியிருந்தது. கம்பியில்லாத் தொடர்புச் சாதனங்களில் இருக்க வேண்டிய சிரிம் முத்திரை எங்கும் இல்லை. ஒட்டியிருப்பதை நம்ப முடியாது என்று சொல்லி, ரப்பர் கால்களைப் பிரித்து உறையைத் திறந்து, வெப்பத் தகட்டைத் தூக்கி, சிப்பின் மேல் பொறித்திருந்த எழுத்தை உருப்பெருக்கியால் படித்தார். சிப்பைப் பொறுத்தவரை ஒட்டியிருந்தது உண்மைதான். அதன் பிறகே ஆர்ம்பியன் ஏற்றலாம் என்று சம்மதித்தார். ஆர்ம்பியன் என்பது டெபியன், உபுண்டு ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு இத்தகைய சிறு பலகைகளுக்காகத் தயாரிக்கப்படும் லினக்ஸ். டிவி பாக்ஸ்கள் அதன் அதிகாரப்பூர்வ ஆதரவுப் பட்டியலில் இல்லை, ஆர்வலர்களின் உழைப்பால்தான் அவற்றில் ஓடுகிறது என்பதையும், ஆகவே முழு உறுதி தர முடியாது என்பதையும் பணம் பேசுவதற்கு முன்பே சொன்னார். அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதே பெட்டியில் நானே வீட்டில் முயன்று தோற்றிருந்தேன். ராஸ்பெர்ரி பையில் செய்வதுபோலக் கார்டில் எழுதிச் செருகினால் போதும் என்று நினைத்தது என் முதல் தவறு. பை எழுந்தவுடன் தானாகவே கார்டைத் தேடும். இந்த வகைப் பெட்டியில் உள்ள, எஸ்905எக்ஸ்3 போன்ற அம்லாஜிக் நிறுவனச் சிப் எழுந்தவுடன் உள்ளே பற்றவைத்திருக்கும் இஎம்எம்சி நினைவகத்தைத்தான் பார்க்கிறது. அங்கே தயாரிப்பாளர் வைத்திருக்கும் யூ-பூட் என்ற சிறு நிரல் பொறுப்பை எடுத்துக்கொண்டு நேரே ஆண்ட்ராய்டுக்குப் போய்விடுகிறது. கார்டைப் பார் என்று அந்த யூ-பூட்டுக்கு யாராவது சொல்லியாக வேண்டும். ஏவி துளைக்குள் மறைந்திருக்கும் சிறு பொத்தானைப் பல்குச்சியால் அழுத்திப் பிடித்துக்கொண்டே மின்சாரம் கொடுத்தால், யூ-பூட் கார்டில் உள்ள 'ஏஎம்எல்_ஆட்டோஸ்கிரிப்ட்' என்ற கோப்பைப் படித்துத் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் முதலில் கார்டைத்தான் நாடும். இதை ஒரு முறை செய்தால் போதும். நான் பொத்தானை மிக விரைவாக விட்டிருக்கிறேன். தொடக்கச் சின்னம் திரையில் தோன்றும்வரை விடக் கூடாது என்று என் கையிலேயே குச்சியைக் கொடுத்துச் செய்ய வைத்தார்.

பெட்டி கார்டை நாடிய பிறகும் ஒன்றும் வரவில்லை. இங்கே அவர் கார்டைச் சந்தேகித்தார். அது பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நான் வாங்கிய 64 ஜிபி கார்டு. எஃப்3 என்ற கருவியைக் கொண்டு கார்டு முழுவதையும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்லிவிட்டு மற்ற வேலையைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. முடிவில் ஏறக்குறைய 7 ஜிபி மட்டுமே உண்மை என்றும் மீதி எல்லாம் தொலைந்துவிட்டது என்றும் தெரிந்தது. இத்தகைய கார்டுக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுச் சிப், இல்லாத இடத்தை இருப்பதாகக் கணினியிடம் சொல்கிறது. உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும், அதற்கு மேல் எழுதுவது எங்கும் பதிவதில்லை அல்லது பழையதை அழித்துவிடுகிறது. இரண்டு வாரம் நன்றாக ஓடிய லினக்ஸ் திடீரென்று கோப்புகளைக் காணவில்லை என்று சொன்னால், பெரும்பாலும் இதுதான் காரணம் என்றார். விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற நிரலால் இதே சோதனையைச் செய்துகொள்ளலாம். நல்ல கார்டு ஒன்றை, 32 ஜிபி, 28 வெள்ளிக்குக் கொடுத்தார். அதையும் என் கண் முன்னே சோதித்த பிறகுதான் காசு வாங்கினார்.

புதிய கார்டில் ஆர்ம்பியனை எழுதி, அதன் முதல் பகுதியில் இரண்டு திருத்தங்களைச் செய்தார். எஸ்905எக்ஸ்2, எஸ்922 சிப்களுக்கென்று பெயரிட்டு வைத்திருக்கும் யூ-பூட் கோப்பே எஸ்905எக்ஸ்3க்கும் உரியது. அதைப் படியெடுத்து 'யூ-பூட்.இஎக்ஸ்டி' என்று பெயர் வைத்தார். அடுத்தது 'எக்ஸ்ட்லினக்ஸ்.கான்ஃப்' கோப்பில் டிடிபி என்று சுருக்கமாக அழைக்கப்படும் டிவைஸ் ட்ரீ கோப்பின் பெயரை எழுதுவது. மேசைக் கணினியில் எந்தெந்தக் கருவி எங்கெங்கே இருக்கிறது என்பதைப் பயாஸ் என்ற தொடக்க நிரல் சொல்லிவிடும். இந்தச் சிறு பலகைகளில் அப்படிச் சொல்ல ஆள் இல்லை. டிடிபிதான் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலின் கையில் கொடுக்கப்படும் வரைபடம். பக்கத்துத் தோட்டத்தின் வரைபடத்தை வைத்துக்கொண்டு காலைப் பெரட்டில் (ஆள் கணக்கெடுப்பில்) ஆள் பிரித்து அனுப்பும் கிராணி என்ற தோட்டக் கணக்கரின் நிலையைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எளிதில் நினைத்துப் பார்க்கலாம்: இல்லாத நிரைக்கு (மர வரிசைக்கு) ஆள் போவார்கள், இருக்கும் நிரையில் வேலை நடக்காது. தவறான டிடிபி கொடுத்த கர்னலும் அப்படித்தான் நின்றுவிடுகிறது.

நின்றுவிட்டது என்பதைக் கறுப்புத் திரையைப் பார்த்து எப்படி அறிவது? அவருடைய கடையின் தனிச் சிறப்பு இங்கேதான் இருக்கிறது என்பேன். பலகையின் ஓரத்தில் இருந்த நான்கு புள்ளிகளில் மூன்றில் மட்டும் மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து, 3.3 வோல்ட் யூஎஸ்பி சீரியல் கேபிள் வழியாகத் தன் மடிக்கணினியில் இணைத்தார். மின்சாரத்துக்குரிய நான்காவது புள்ளியைத் தொடக் கூடாது என்று இரண்டு முறை எச்சரித்தார். வேகத்தை 115200 என்று வைத்ததும், டிவியில் ஒன்றுமே தெரியாத நேரத்தில் மடிக்கணினியில் வரி வரியாக ஓடத் தொடங்கியது. யூ-பூட் கார்டைக் கண்டது, கர்னலை நினைவகத்தில் ஏற்றியது, 'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்று எழுதியது, அதோடு நின்றுவிட்டது. கர்னல் பேசும் வாயையே அடைத்து வைத்திருந்தாலும் இதே மௌனம்தான் வரும் என்பதால், அமைப்புக் கோப்பில் 'கன்சோல்=டிடிஒய்ஏஎம்எல்0' என்ற பகுதி சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தார். அது சரியாக இருந்தது. ஆகவே டிடிபிதான் தவறு என்று முடிவுசெய்தார். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்ததில் எஸ்இஐ610 என்று முடியும் நான்காவது கோப்பில் வரிகள் நிற்காமல் ஓடி, டிவியிலும் திரை வந்தது. கார்டு, யூ-பூட், கர்னல், வரைபடம் ஆகியவற்றில் எந்தப் படியில் நடை நின்றது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த படியைத் தொடுகிறார். ராக்சிப் என்ற வேறு நிறுவனத்தின் சிப் உள்ள பெட்டிகளில் இந்தச் சீரியல் வேகம் பெரும்பாலும் 1500000 என்றும், மலிவான சில கேபிள்கள் அந்த வேகத்தைத் தாங்காமல் புரியாத எழுத்துகளைக் கொட்டும் என்றும் சொன்னார். நான் ஊரில் வேறு இரண்டு கடைகளில் இதே பெட்டியைக் காட்டியிருந்தேன். இரண்டிலும் உள்ளே போர்டு போய்விட்டது என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள்.

லினக்ஸ் எழுந்த பிறகுதான் அந்தப் பெட்டியின் உண்மை நிலை வெளிப்பட்டது. 4 ஜிபி என்று ஒட்டியிருந்த ரேம் 2 ஜிபி. 64 ஜிபி என்று ஒட்டியிருந்த சேமிப்பு 16 ஜிபி. ஆண்ட்ராய்டின் அமைப்புப் பக்கத்தில் பெரிய எண்களே தெரிந்தன. அவ்வாறு காட்டும்படி அதைத் திருத்தியே விற்றிருக்கிறார்கள். ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சேர்த்த காசில் பிள்ளைக்காக அதை வாங்கிய தாய்க்கு இதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, இன்னும் சொல்லவில்லை. 2 ஜிபியே எங்கள் தேவைக்குப் போதும் என்பதில் ஓர் ஆறுதல் உண்டு. எக்ஸ்எஃப்சிஈ மேசைத்தளம், லிப்ரே ஆபிஸ், உலாவியில் மூன்று நான்கு பக்கங்கள் என்றால் தடையில்லாமல் ஓடுகிறது.

வைஃபை வேலை செய்யவில்லை. பலகையில் இருந்த வைஃபை சிப்புக்குக் கர்னலில் டிரைவர் நிரல் இல்லை. மலிவுப் பெட்டிகளில் தயாரிப்பாளர்கள் கிடைத்த சிப்பைப் போட்டுவிடுவதால், ஒரே பெயரும் ஒரே உறையும் கொண்ட இரண்டு பெட்டிகளில்கூட வெவ்வேறு வைஃபை சிப் இருக்கலாம். இதற்காக இரவெல்லாம் டிரைவர் தேடி நேரத்தைக் கொல்ல வேண்டாம் என்று சொல்லி, எம்டி7601யூ சிப் கொண்ட யூஎஸ்பி வைஃபை குச்சி ஒன்றை 25 வெள்ளிக்குக் கொடுத்தார். அந்தச் சிப்புக்குரிய டிரைவர் 4.2 பதிப்பிலிருந்தே லினக்ஸ் கர்னலில் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டுமே பிடிக்கும் என்றாலும் பாடப் பக்கங்களைத் திறக்க அது போதுமானது. காணொளியைப் பற்றியும் முன்கூட்டியே உண்மையைச் சொன்னார்: இந்தச் சிப்பின் காணொளி வன்பொருளைப் பொதுக் கர்னல் முழுமையாகப் பயன்படுத்துவதில்லை, ஆகவே முழுத் தெளிவில் யூடியூப் ஓடாது, 480இல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். படம் பார்ப்பதே முக்கியம் என்றால் அதற்கென்றே உள்ள கோர்எலெக் என்ற லினக்ஸைப் போடுவது நல்லது என்பது அவர் கருத்து. எங்களுக்கு எழுதுவதுதான் முக்கியம்.

மூன்றாவது பெட்டியை அவர் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். உள்ளே இருந்தது ஆர்கே3229 என்ற 32 பிட் சிப், 1 ஜிபி ரேம். ஏற்றித் தர முடியும், ஆனால் உலாவியைத் திறந்தாலே பிள்ளைகள் பொறுமை இழந்துவிடுவார்கள், 40 வெள்ளியை அதில் போடாதீர்கள் என்றார். கோப்புச் சேமிக்கும் பெட்டியாக ஒரு நாள் பயன்படலாம் என்று அதை எடுத்து வைத்திருக்கிறேன்.

குறைகளும் உண்டு. மூன்று நாளில் தருவதாகச் சொன்ன பெட்டி ஒன்பது நாள் கழித்துத்தான் கைக்கு வந்தது. இடையில் வாட்ஸ்அப் செய்திக்குப் பதில் இல்லை. தமிழ் எழுத்துருக்கள் இருந்தும் தமிழ் விசைப்பலகை அமைக்கப்படவில்லை. தமிழில் எழுதத்தான் கணினி என்று நான் தெளிவாகச் சொல்லியிருந்தேன். இரண்டாம் முறை போனபோது ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையையும் ஒலிபெயர்ப்பு முறையையும் சேர்த்துக் கொடுத்தார். தமிழ் உள்ளீட்டு மென்பொருளான முரசு அஞ்சலை 1985இலேயே உருவாக்கிய முத்து நெடுமாறனின் நாட்டில், கணினியைத் தயார் செய்யும்போது தமிழ் உள்ளீடு கடைசியாக நினைவுக்கு வருவது எனக்கு வருத்தமளிக்கிறது. பிள்ளைகள் இப்போது தமிழ்99இல் எழுதப் பழகுகிறார்கள்.

இதைவிடப் பெரிய குறை ஒன்றை மாணவன் ஒருவன்தான் கண்டுபிடித்தான். லினக்ஸ் கார்டிலிருந்து ஓடுவதால், உள்ளே இருக்கும் ஆண்ட்ராய்டு அழியாமல் அப்படியே இருக்கிறது. பையன் கார்டைக் கழற்றிவிட்டுப் பெட்டியைப் போட்டபோது பழைய ஆண்ட்ராய்டு எழுந்து வைஃபையிலும் இணைந்துகொண்டது. நச்சுநிரலுக்கு அஞ்சித்தான் நான் இந்த வேலையையே தொடங்கினேன் என்பதால், இதை அவர் எனக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். கேட்டபோது தவறை ஒப்புக்கொண்டார். லினக்ஸை இஎம்எம்சியில் நிரந்தரமாக ஏற்றலாம், ஆனால் அங்குள்ள யூ-பூட் கெட்டுப்போனால் பெட்டியை மீட்பது கடினம், மாதக்கணக்கில் கார்டில் ஓடிப் பார்த்து, டிடிபிஆர் கருவியால் உள்ளே உள்ளதை முழுமையாகப் படியெடுத்து வைத்த பிறகே அதைத் தொடுவேன் என்று விளக்கினார். காரணம் சரியானதே. இப்போதைக்குக் கார்டு வாயின் மேல் ஒட்டுநாடா போட்டு அடைத்திருக்கிறோம். வகுப்பு நடக்கும் சபையின் வைஃபை கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டோம்.

வேலை முடிந்த பிறகும் கைவிடாமல் இருப்பதைப் பாராட்ட வேண்டும். பள்ளி விடுமுறை முடிந்து வகுப்பைத் திறந்தபோது, டிவி பாக்ஸில் பல இணையப் பக்கங்கள் திறக்கவில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று உலாவி எச்சரித்தது. புதிய நிரல் இறக்க முயன்றால், பட்டியல் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற விடை வந்தது. தொலைபேசியில் கேட்டபோது, "டீச்சர், தேதி என்ன காட்டுது பாருங்க" என்று மட்டும் சொன்னார். பெட்டி மூன்று வாரம் பின்னால் இருந்தது. இவ்வகைப் பெட்டிகளிலும் ராஸ்பெர்ரி பை 4இலும் பேட்டரியில் ஓடும் கடிகாரம் இல்லை. அணைத்த நேரத்தையே நினைவில் வைத்துக்கொண்டு எழுகின்றன, பிறகு இணையத்திலிருந்து நேரத்தைப் பெற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். 2023இல் வந்த ராஸ்பெர்ரி பை 5இல்தான் கடிகாரமும் அதற்குப் பேட்டரி இணைக்கும் இடமும் வைத்திருக்கிறார்கள். பெட்டியின் பார்வையில் மூன்று வாரத்துக்குப் பிறகு கையெழுத்தான சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. நேர ஒத்திசைவை இயக்காமல் விட்டது அவருடைய மறதிதான். 'டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ' என்று எழுத்தெழுத்தாகச் சொல்லித் தட்ட வைத்தார், ஒரு நிமிடத்தில் சரியாகிவிட்டது.

சூட்டையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பு நடக்கும் சபைக்குத் தகரக் கூரை. பிற்பகல் 3 மணிக்குப் பெட்டி தடுமாறத் தொடங்கும். வெப்பநிலைக் கோப்பைப் படித்தால் 82000 என்று வந்தது, அதாவது 82 பாகை செல்சியஸ். அடிப்பலகையில் துளைகள் போட்டு, வெப்பத் தகட்டைப் பெரியதாக மாற்றி, பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி வைக்கச் சொன்னார். இப்போது 70க்கு மேல் போவதில்லை. இதற்குக் கட்டணம் கேட்கவில்லை.

மொத்தத்தில் டிவி பாக்ஸுக்கு ஏற்றுக் கூலி 40, கார்டு 28, வைஃபை குச்சி 25 என்று 93 வெள்ளி ஆயிற்று. வீட்டில் சும்மா கிடக்கும் நல்ல பெட்டி இருந்தால் இது நியாயமான செலவு. நான் மறுபடியும் அவரிடமே போவேன். ஆனால் லினக்ஸ் போடுவதற்கென்றே புதிதாக டிவி பாக்ஸ் வாங்க நினைப்பவர்களை அவரே தடுக்கிறார், நானும் தடுக்கிறேன். உள்ளே எந்தச் சிப், எத்தனை ரேம், எந்த வைஃபை என்பது திறந்து பார்க்கும்வரை யாருக்கும் தெரியாத பொருளுக்கு, சொன்னது சொன்னபடி இருக்கும் பலகையை வாங்கும் பணத்தில் ஒரு பகுதியைக்கூடக் கொடுக்கத் தேவையில்லை.

போகிறவர்கள் பெட்டியோடு அதன் சார்ஜர், ரிமோட், வீட்டில் பயன்படுத்தும் எச்டிஎம்ஐ கேபிள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். காலை 11 மணிக்கு மேல்தான் திறக்கிறார், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. செய்த வேலையை அவர் எங்கும் எழுதி வைப்பதில்லை என்பதால், எந்த யூ-பூட் கோப்பு, எந்த டிடிபி, என்ன கடவுச்சொல் என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பெட்டிக்குரியவற்றில் கடவுச்சொல்லை என் குறிப்பேட்டிலும், மற்ற இரண்டைப் பெட்டியின் அடியில், அந்தப் பொய்ச் சீட்டைக் கிழித்துவிட்டு அதே இடத்திலும் ஒட்டி வைத்திருக்கிறேன்.